பெண் பார்க்கப் போன காரின் சிவப்பு விளக்கு

மலேயாவில் நான் இருக்கும் தைப்பிங் ஊரில் மழை என்பது ஒரு செய்தியே இல்லை. மாலையானால் பெய்யும். கடை வாசலில் சாக்கை விரித்துப் போட்டுவிட்டு நாங்கள் பாட்டுக்கு வியாபாரத்தைப் பார்ப்போம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து அறுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம், அருப்புக்கோட்டைக்கு வந்து இறங்கினேன். அப்பா பிறந்த சீமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மலேயாவில் பிறந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்து, அங்கேயே மளிகைக் கடை வைத்தவன் நான். என் அக்காவைத்தான் அப்பா இங்கே கட்டிக் கொடுத்திருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "தலையெல்லாம் நரைச்சுப் போச்சேடா" என்பதுதான். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற பயணிகள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அவளைப் பார்த்துக்கொண்டேன். பிறகு கேட்க ஆளில்லை, நானாகக் கேட்கும் சுபாவமும் இல்லை. அக்காதான் விடாமல், நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சொர்ணம் என்று ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி என்னை வரவழைத்திருந்தாள்.

அன்று மதியம் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். எங்கள் ஊரில் கருவாடு சீனர் கடையில் கிடைக்கும். ஆனால் அதில் உப்பு மட்டும்தான் இருக்கும். இங்கே குழம்பில் மிளகாய் முன்னால் வந்து நின்றது. கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டேன். அக்கா அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

சாப்பிடும்போதே சொர்ணத்தின் கதையைச் சொன்னாள். முப்பத்திரண்டு வயது. குறை ஒன்றும் இல்லை. காரியாபட்டியிலிருந்து ஒரு வீட்டார் பார்க்க வந்தபோது கண்மாய்க் கரையில் அவர்கள் வண்டிச் சக்கரம் கழன்று போனது, அப்படியே திரும்பிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். பஸ் நடுவழியில் நின்றது; அவர்களும் திரும்பிவிட்டார்கள். அதிலிருந்து அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனால் வண்டி நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சாகிவிட்டது.

"அந்த ரோட்டுல எந்த வண்டிதான் நிக்காமப் போகும்?" என்று அக்காவே சொன்னாள். "ஆனா இன்னொரு தரம் நின்னுச்சுன்னா அம்புட்டுத்தான். அப்புறம் ஒருத்தரும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டாக."

அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பருத்தி வியாபாரி. நல்ல மனிதர், ஆனால் சகுனத்தில் கறார். அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மாப்ளே, நம்ம காரு நிக்காது. ஆனா ஒண்ணு. நின்னுச்சுன்னா நின்ன எடத்துல திருப்பிருவேன். அதுல எனக்கு மொகத் தாட்சணியம் கெடையாது."

கார் வாசலில் நின்றது. பழைய கறுப்புக் கார். முன்புறம் காய்ந்த செவ்வந்தி மாலை, ஆயுத பூஜை முடிந்து நாளாகியும் எடுக்காமல் கிடந்தது. டிரைவர் சந்தியாகு அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கழுத்தில் சிறிய சிலுவை. "அண்ணாச்சி, மலேயாவுல காரெல்லாம் மழையிலயே கழுவிக்கிடுமாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "குடுத்து வச்ச காரு" என்றார்.

மறுநாள் காலை திருச்சுழிக் கோயிலுக்குப் போனோம். அத்தானும் அக்காவும் பின்னால் உட்கார்ந்தார்கள். எனக்கு டிரைவர் பக்கத்தில் இடம். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி முழங்கால் உயரம் நின்றது. அதற்கப்புறம் உடைமரமும் வேலிக்காத்தானும்தான். தைப்பிங்கில் பச்சை கண்ணை மறைக்கும், பத்தடிக்கு அப்பால் தெரியாது. இங்கே எதிரே வரும் மாட்டு வண்டி, பீடி ஒன்று பிடித்து முடிக்கும் நேரம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்த விளக்கைப் பார்த்தேன். டிரைவருக்கு முன்னால் இருந்த பலகையில், மிளகு அளவில் ஒரு சிவப்பு விளக்கு. எரிந்தது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. நான் சந்தியாகுவைப் பார்த்தேன். அவர் பின்பக்கம் கண்ணைக் காட்டி, பேசாமல் இருக்கும்படி தலையை அசைத்தார்.

திருச்சுழி போய்ச் சேரும்போது ரேடியேட்டர் கொதித்து மூடியோரம் ஆவி வந்தது. இங்கே எல்லாக் காருக்கும் கொதிக்கும் என்று ஒருவரும் கவலைப்படவில்லை. அத்தானும் அக்காவும் கோயிலுக்குள் போன பிறகு சந்தியாகு எனக்கு விளக்கின் கதையைச் சொன்னார். இன்ஜின் ஓடும்போது டைனமோ சுற்றி பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கும். கொடுத்துக்கொண்டிருந்தால் விளக்கு அணைந்திருக்கும். கொடுக்காவிட்டால் எரியும்.

"நின்ன எடத்துல லேசா ஓடையில மினுக்குனா தப்பில்ல அண்ணாச்சி. ஓட்டம் புடிச்சா அணையணும். இந்தக் கழுதை தலைகீழா இருக்கு. நிக்கையில கம்முனு இருக்கு, ஓட்டம் புடிச்சா மினுக்குது. பேட்டரி பூராவும் எறங்கிட்டா ஒருதரம் ஆப் பண்ணா முடிஞ்சுச்சு. அப்புறம் பொண்ணு வீட்டு வாசல்ல மாப்பிள்ளையும் முதலாளியும் சேந்து தள்ளணும்."

"அத்தானிடம் சொல்லலாமே" என்றேன்.

"செவப்பு வெளக்குன்னு சொன்னாலே போதும், அவுக பயணத்த நிப்பாட்டிருவாக. அந்தப் புள்ளைக்கு மூணாவது தடவையாப் போயிரும்."

கோயில் வாசலில் சீனிச்சேவு வாங்கிக் கொடுத்தார். பெயர்தான் சீனி; வெல்லமும் சுக்கும் சேர்ந்த அந்தச் சேவை இரண்டு பொட்டலம் தின்றேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

அடுத்த நாள், எண்ணெய் மாற்றப் போவதாக அத்தானிடம் சொல்லிவிட்டு, சந்தியாகு காரைப் பாளையம்பட்டியில் காசி என்பவரின் பட்டறைக்குக் கொண்டு போனார். ஊர் பார்க்கும் சாக்கில் நானும் போனேன். காசி எதையும் கேட்காமல் நேராக வேலையில் இறங்கும் ஆள். இன்ஜின் மூடியைத் திறந்ததும் ஒரு நிமிடம் கும்பிட்டார். உள்ளே பேட்டரி, டைனமோ, ரேடியேட்டர், கப்பி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து, காய்ந்து போயிருந்தது.

"பூசை பலமாத்தான் நடந்துருக்கு" என்றார் காசி.

"நான் அன்னைக்கு லீவு" என்றார் சந்தியாகு. "நமக்கு அங்க வேலை இல்ல. மறுநா வந்து பாத்தா இப்படி இருக்கு. தொடைக்கலாமா கூடாதான்னு தெரியல. அவுக சாமி காரியம், நான் கைய வச்சுத் தப்பாயிருச்சுன்னா? அப்படியே விட்டுட்டேன்."

காசியும் சந்தனத்தைத் தொடவில்லை. அதைச் சுற்றிச் சுற்றியே வேலை செய்தார். டைனமோவைக் கழற்றி, கார்பன் தேய்ந்திருக்கிறது என்று புதிது போட்டார். ஒயர் முனைகளைச் சுரண்டினார். பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினார். ஸ்டார்ட் செய்து உறுமவிட்டார். விளக்கு எரியவே இல்லை. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி கார் சாதுவாக நின்றது.

"போங்க, ராமேசொரம் வரைக்கும் போங்க" என்றார் காசி.

வரும் வழியில் விளக்கு எரியவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. சந்தியாகு காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். எனக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

சனிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டோம். அக்கா எனக்கு முன்பே எழுந்து குளித்து, காருக்குப் புது மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். தட்டில் பூ, பழம். அத்தான் கரை வேட்டியில் இருந்தார். எனக்கு ஒரு பட்டுச் சட்டை. அந்த வெயிலில் அது ஒரு தண்டனை.

திருச்சுழிக்குள் நுழையும்வரை ஒன்றும் இல்லை. குண்டாற்றில் தண்ணீர் இல்லை. ஆட்டு மந்தை ஒன்று ஆற்றுக்குள்ளேயே நடந்து போய்க்கொண்டிருந்தது. திருச்சுழி தாண்டி நரிக்குடி ரோட்டில் சந்தியாகு கொஞ்சம் வேகம் எடுத்தார். மிளகு விளக்கு எரிந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மினுக்கிற்று. நின்று எரிந்தது. அணைந்தது. பிறகு அணையவே இல்லை. பக்கத்தில் சூடு காட்டும் முள்ளும் ஏறத் தொடங்கியது. முதலில் விளக்கு, பின்னாலேயே சூடு. அன்றைக்குத் திருச்சுழிக்குப் போனபோதும் இப்படித்தான் என்று எனக்கு ஞாபகம் வந்தது. சந்தியாகு பக்கம் குனிந்து, "ரெண்டும் சேர்ந்தே வருது" என்றேன்.

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார். "டைனமோவையும் ரேடியேட்டர் காத்தாடியையும் சுத்துறது ஒரே பெல்ட்டுத்தான் அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "ஆனா காசி இறுக்கித்தானே குடுத்தான்?"

அப்போது பின்னாலிருந்து அத்தான், "ஏலே சந்தியாகு, இங்க யாரு அப்பளம் பொரிக்கிறது?" என்றார்.

வீடே இல்லாத வெளி அது. ஆனால் வாசனை எனக்கும் வந்தது. மளிகைக் கடைக்காரனுக்கு எண்ணெய் வாசனையைப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் இருக்காது. நல்லெண்ணெய். காய்ந்த நல்லெண்ணெய்.

சந்தியாகு என்னிடம் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "இன்னும் ரெண்டு பர்லாங்கு. அப்புறம் அதுவா நின்னுரும். நாம நிப்பாட்டுனா வேற, அதுவா நின்னா வேற. நான் நிப்பாட்டுனா முதலாளி ஏன்னு கேப்பாக. நீங்க சொன்னா கேக்க மாட்டாக. சொல்லுங்க."

நான் வாழ்க்கையில் யாரையும் எதற்கும் நிறுத்தச் சொன்னதில்லை. பஸ்ஸில் என் இடம் கடந்து போனால்கூட அடுத்த இடத்தில் இறங்கி நடந்து வருவேன். சூடு காட்டும் முள் கடைசிக் கோட்டுக்குப் போய்விட்டது. பார்த்திராத அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

"அத்தான், காரை நிப்பாட்டணும்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"எதுக்கு மாப்ளே?"

நான் வெளியே புதர்களைப் பார்த்தேன்.

"ஆம்பளப் பிள்ளை நிப்பாட்டச் சொன்னா எதுக்குன்னா கேப்பாக?" என்று அக்கா அதட்டினாள். "சந்தியாகு, ஓரமா நிப்பாட்டு."

ரோட்டோரம் ஒரு கிணறும், அதையொட்டி ஒரு ஓலைக் குடிசையும் இருந்தன. காரை அங்கே நிறுத்தினார். அக்கா நினைத்ததை மெய்யாக்க ஒரு வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் போய்விட்டு வந்தேன். அத்தான் புளிய மரத்து நிழலில் நின்று பொடி போட்டுக்கொண்டிருந்தார். சந்தியாகு இன்ஜின் மூடியைத் திறந்திருந்தார். உள்ளிருந்து பலகாரக் கடை வாசனை வந்தது.

நான் பெல்ட்டைத் தொட்டேன். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கம் ரப்பர்ச் சீமை. ரப்பர் ஷீட்டில் எண்ணெய் பட்டால் வாங்குகிறவன் அதைத் தூக்கித் தூரப் போட்டுவிடுவான்; ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். "பெல்ட்டில் நல்லெண்ணெய்" என்றேன்.

"எங்க?" என்று சந்தியாகு தொட்டுப் பார்த்தார். "எங்க கையி எப்பவும் எண்ணெக் கையி. எனக்கும் தெரியாது, காசிக்கும் தெரியாது. யாரு தேச்சா இதுல?"

"நாந்தான்" என்றாள் அக்கா, பின்னால் நின்றுகொண்டு. "பூசைக்குத் தராசு, கடப்பாரை, ஆட்டுக்கல்லு எல்லாத்துக்கும் எண்ணெ தேய்க்கோம். காருக்கு மட்டும் வேணாமா? கறுப்பா, காஞ்சு போயிக் கெடந்துச்சு. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கை தேய்ப்பேன். இன்னைக்கு நல்ல காரியமாச்சேன்னு காலையிலயும் கூட ஒரு கை தேச்சேன்." எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "தப்பா?" என்றாள்.

சந்தியாகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அதான் எம்புட்டு இறுக்குனாலும் வழுக்கியிருக்கு. பெல்ட்டு வழுக்குனா டைனமோவும் சுத்தாது, காத்தாடியும் சுத்தாது. பெட்ரோல் போட்டுத் தொடைச்சா ரப்பரு ஊறிப் போகும். இப்ப என்ன செய்ய?"

"எண்ணெ தேச்சா என்ன செய்வோம்?" என்றாள் அக்கா. "சீயக்கா போட்டுக் குளிப்பாட்ட வேண்டியதுதானே?"

அவள் குடிசைப் பக்கம் போனாள். அங்கே இருந்த அம்மாள், காருக்குச் சீயக்காய் என்றதும் முதலில் நம்பவில்லை. "வெந்நி வேணாமா காருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஒரு கை தூள் கொடுத்தாள். தண்ணீரைத்தான் யோசித்துக் கொடுத்தாள். அரை வாளி. தைப்பிங்கில் அரை வாளியில் நான் கால் கழுவுவேன். அந்த அரை வாளியில் பெல்ட்டைக் கழற்றிக் கசக்கிக் கழுவினோம். கழுவிய தண்ணீரையும் அவள் கொட்டவிடாமல் வாங்கி முருங்கைக்கு ஊற்றினாள். ரேடியேட்டருக்கு வேண்டியதைத் தன் குடத்திலிருந்தே தந்தாள்.

கப்பிகளில் சந்தனமும் எண்ணெயும் சேர்ந்து பிசுக்காக இருந்தது. துணியை எடுத்த சந்தியாகு தயங்கினார். "நான் வச்சது, நானே எடுக்கேன்" என்று அக்கா துணியை வாங்கி, ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பேட்டரியில் வைத்த பொட்டை மட்டும் விட்டுவிட்டாள்.

பெல்ட்டை வெயிலில் காயப்போட்டிருந்தபோது தீவனக் கட்டு ஏற்றிய சைக்கிளில் ஒருவர் வந்தார். திறந்த காரையும், தட்டில் பூவையும், என் பட்டுச் சட்டையையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வேகமாக மிதித்துக்கொண்டு போனார். எங்களுக்கு முன்னால், நாங்கள் போக வேண்டிய ஊர்ப் பக்கம்.

பெல்ட்டை மாட்டி முடித்ததும் அத்தான் மரத்தடியிலிருந்து வந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். காரு தானா நின்னுச்சா?"

"மாப்பிள்ளை நிப்பாட்டச் சொன்னாக முதலாளி. நான் நிப்பாட்டுனேன்" என்றார் சந்தியாகு. அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்பச் சரி" என்று ஏறி உட்கார்ந்தார்.

பெண் வீட்டை அடைந்தபோது வாசலில் கோலம் இருந்தது. திண்ணையில் கம்பங்கதிர்கள் காயப் போட்டிருந்தார்கள். ஆனால் யாரும் வாங்க என்று சொல்லவில்லை. பெண்கள் வாசல் நிலையை ஒட்டி நின்றார்கள். சொர்ணத்தின் அப்பா படியில் நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். கையைக் கும்பிட்டபடியே வைத்திருந்தார், இறக்கவில்லை.

"வார வழியில காரு நின்னு போச்சாமே" என்றார். "சைக்கிள்ல வந்தவுக சொன்னாக. நீங்க திரும்பிப் போயிருப்பீகன்னுதான் நெனச்சோம்."

அத்தான் காரை விட்டு இறங்கித் துண்டைச் சரி செய்தார். "நின்னு போகல. நாங்க நிப்பாட்டினோம். தானா நின்னிருந்தா நானே திருப்பியிருப்பேன், என்னப் பத்தி ஊருல கேளுங்க. எம் மாப்ள சொல்லி நிப்பாட்டுனது."

"எதுக்கு நிப்பாட்டச் சொன்னீக?" என்று அவர் என்னைக் கேட்டார். கேட்ட விதத்தில் சண்டை இல்லை. சரியான ஒரு பதில் கிடைத்துவிட வேண்டுமே என்ற தவிப்புதான் இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புதர்க் கதையைச் சொல்லியிருக்கலாம். அதைப் பெண்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

"பெல்ட்டில் எண்ணெய் இருந்தது. அக்கா பூஜைக்குத் தேய்த்தது. அப்படியே ஓட்டியிருந்தால் நின்றிருக்கும். அதனால் முன்னாலேயே நிறுத்தி, கழுவிக்கொண்டு வந்தோம்."

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து, ஆளைக் காட்டாமல், ஒரு பெண் குரல் கேட்டது:

"எதப் போட்டுக் கழுவுனாக? அரப்பா, சீயக்காயா?"

நிலையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்திக்கு அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, அக்கா சிரிக்க, சந்தியாகு காருக்குப் பின்னால் போய்விட்டார்.

"சீயக்காய்" என்றேன், உள்பக்கம் பார்த்து.

"அப்ப எண்ணெ போயிருக்கும்" என்றது குரல்.

சொர்ணத்தின் அப்பா கும்பிட்ட கையை இறக்கி, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றார்.

பிறகு நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காராச்சேவு, காபி. சொர்ணம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். மாநிறம், நெற்றியில் சிறிய தழும்பு. நான் காபி டம்ளரைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் அவளைப் பார்த்தேன். சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி உடனே சம்மதம் சொல்ல மாட்டார்கள். "கலந்து பேசிச் சொல்லி அனுப்புறோம்" என்றார் அவள் அப்பா. அத்தானும் அதுதான் முறை என்றார். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். சந்தியாகு சாவியைத் திருப்பினார். பேட்டரி இறங்கியிருந்ததால் இன்ஜின் முதலில் முனகியது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. கார் நகர்ந்தபோது அவள் அப்பா திரும்பவும் வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வந்து, என் பக்கக் கண்ணாடி வழியாக ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

"மக குடுக்கச் சொல்லுது" என்றார். அவருக்கே கூச்சமாக இருந்தது. "காருக்காம்."

கண்மாய்க் கரை தாண்டியதும் அத்தான் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, முகர்ந்து பார்த்தார். சீயக்காய்த் தூள். அதைப் பத்திரமாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மாப்ளே, சொல்லி அனுப்பியாச்சு" என்றார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு அத்தான், "போகையில வழி நெடுக நீ குனிஞ்ச தலை நிமிரலையே. வெக்கப்படுறேன்னு நெனச்சேன். அங்க குனிஞ்சு எதைப் பாத்துக்கிட்டு வந்தே?" என்றார். சந்தியாகு இருமினார்.

வெயில் சாய்ந்திருந்தது. சோளக் காட்டில் கிளி விரட்டிக்கொண்டிருந்த பெண் எங்கள் காரைப் பார்த்துக் கவணைத் தாழ்த்தினாள். வடகிழக்கே முதல் தடவையாகக் கொஞ்சம் மேகம் தெரிந்தது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்தபடி வந்தேன். திரும்பி வரும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.